மாவு வண்டியின் அடிவயிற்றுச் சத்தம்

பள்ளிபாளையத்தில் எனக்கு ஒரு மளிகைக்கடை வாடிக்கை உண்டு. காலை 5.45க்கு அந்தக் கடை வாசலில் வண்டியைத் திருப்புவதற்காக ரிவர்ஸ் போட்டு கிளட்ச்சை விட்டால், அடியிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார். நான் ஹாரன் அடித்ததே இல்லை. "உங்க வண்டியே வந்து கதவத் தட்டுது அம்மணி" என்பார். ஏழெட்டு மாதம் நானும் சிரித்துவிட்டு, மாவு பாக்கெட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, வந்துகொண்டிருந்தேன்.

திருச்செங்கோட்டில் இட்லி மாவு அரைத்து விற்பது என் தொழில். வண்டி 2006 மாடல் மாருதி ஆம்னி, வெள்ளை. எங்கள் பக்கம் "ஆம்னி" என்றால் ராத்திரி சென்னைக்குப் போகும் பஸ் என்றுதான் முதலில் நினைப்பார்கள். "வேன்" என்று சேர்த்துச் சொன்னால், சினிமாவில் ஆள் கடத்துகிற வண்டியா என்பார்கள். பக்கவாட்டில் தள்ளுகிற அந்தக் கதவு செய்த பாவம். 1984ல் வெறும் "மாருதி வேன்" என்று வந்து, 1988ல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரைக்கும் ஓடிய மாடல் இது. ஆம்புலன்ஸ், ஸ்கூல் வண்டி, தண்ணீர் கேன் வண்டி, மாவு வண்டி என்று அது பார்க்காத வேலை இல்லை. மாருதி 800ல் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் இதிலும். ஆனால் 800ல் எஞ்சின் முன் சக்கரத்தை இழுக்கும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு பின் சக்கரத்தைத் தள்ளும். நடுவில் அந்தச் சுற்றலைப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு இரும்புக் குழாய் தேவைப்படுகிறது. மெக்கானிக்குகள் ராடு என்கிற அந்தக் குழாய்தான் இந்தக் கதை.

முதலில் என் காசு போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

டக் சத்தத்தோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டது. மெதுவாக உருட்டும்போது சுண்டெலி கத்துவது மாதிரி ஒரு கீச் கீச். அப்புறம், 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மாவுத் தூக்கின் எவர்சில்வர் மூடிகளெல்லாம் ஒரே நேரத்தில் கிணுகிணுவென்று அடிக்கும். 60ல் அடங்கும். திரும்ப 50க்கு இறங்கினால் மறுபடி ஆரம்பிக்கும். பூசாரி கையில் மணி கொடுத்த மாதிரி இருக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு "வீல் பேரிங்" என்றார்கள். மாற்றினேன். சத்தம் போகவில்லை. இன்னொரு இடத்தில் கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் என்றார்கள். ரப்பர் நிஜமாகவே கிழிந்துதான் இருந்தது, அதனால் அதற்குக் கொடுத்த காசு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாவதாகப் பார்த்தவர், பின் ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கரத்தைச் சொல்லி, "கிரவுன் போயிருக்கும்ங்க, ஹவுசிங்கையே இறக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு நான் இன்னொரு கிரைண்டர் வாங்கலாம்.

மூன்று பேருமே காதால் கேட்டுச் சொன்னார்களே தவிர, ஒருவரும் வண்டிக்கு அடியில் படுத்துக் கை வைத்துப் பார்க்கவில்லை. ஆம்னி மாதிரித் தகர டப்பாவில் சத்தம் எங்கே கிளம்புகிறதோ அங்கே கேட்காது, தகடு எங்கே மெல்லிசாக இருக்கிறதோ அங்கேதான் கேட்கும். என் வண்டியில் அது சரியாகப் பின் சீட்டுக்குக் கீழே.

சொல்லிக் கொடுத்தது ஒரு பையன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ரிக் வண்டியில் கிளீனராகப் போகிறவன். திருச்செங்கோட்டில் வீட்டுக்கு ஒருவராவது போர்வெல் ரிக்கில் இருப்பார்கள். வடக்கே எங்கெங்கோ போய் ஆறு மாதம் துளை போட்டுவிட்டு ஊர்ப் பண்டிகைக்குத் திரும்புவார்கள். அவன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான், நான் வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். டம்ளரைக் கீழே வைக்காமலே, "அக்கா, இது கிராஸ்க்கா" என்றான்.

"எப்படிடா சொல்ற?"

"லாரில தெனம் கேக்கற சத்தம்தானுங்க. ஜாயிண்ட் கிராஸ் போனா இப்படித்தான். மொத ஒரு டக்கு. அப்பறம் கீச்சு. அப்பறம் ஆட்டம். அப்பறம் ராடு ரோட்டுல கெடக்கும்."

கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மத்தியானமே அடியில் படுத்துவிட்டேன். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஸ்டாண்டு கொடுத்து, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் முட்டு வைத்தேன். ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் போகிறவர்களை எங்கள் ஊரில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கல் பாரம் தாங்காமல் நொறுங்கும்போது சொல்லிவிட்டு நொறுங்காது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

கியரை நியூட்ரலில் விட்டுவிட்டு ராடைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். ஒரு கையால் கிரவுன் பக்கத்து பிளாஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குழாயை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து கொஞ்சம் ஆடினால் அது கிரவுனுக்குள் பல்லுக்கும் பல்லுக்கும் இருக்கிற இடைவெளி. பழைய வண்டியில் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பிளாஞ்ச் ஆடாமல் குழாய் மட்டும் தனியாக ஆடினால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. எனக்கு ஆடியது. கண்ணுக்குத் தெரிகிற அளவு, "டொக் டொக்" என்று. டார்ச் அடித்துப் பார்த்தால் கிராஸின் தொப்பியைச் சுற்றி செங்கல் பொடி மாதிரி சிவப்பாகப் படிந்திருந்தது. கிரீஸ் வற்றி, உள்ளே இரும்பும் இரும்பும் உரசி, துருவாகி வெளியே வந்த தூள் அது. வீல் பேரிங், மவுண்டிங், கிரவுன் என்று மூன்று கடை சொன்னதற்கும் பதில் ஒரு சிட்டிகைச் சிவப்புப் பொடியில் இருந்தது.

கிராஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும். நான்கு முனையிலும் கிண்ணம் மாதிரி ஒரு தொப்பி. தொப்பிக்குள் சுவரை ஒட்டி ஊசி ஊசியாக உருளைகள், மெழுகுவத்தி அடுக்கிய மாதிரி நிற்கும். எதிரெதிர் முனை இரண்டை ஒரு கவை பிடித்துக்கொள்ளும், மற்ற இரண்டை இன்னொரு கவை. அவ்வளவுதான். ஒரு கவை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மற்றது அதைத் தொடர்ந்து சுற்றும். கியர்பாக்ஸ் வண்டியின் உடம்போடு பொருந்தி நிற்கிறது, பின் ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கின் மேல் ஏறி ஏறி இறங்குகிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் ஒருநாளும் இருக்காது. அதனால் ராடின் இந்த முனையில் ஒரு கிராஸ், அந்த முனையில் ஒரு கிராஸ்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள் என்பதைச் சொன்னால் மாவு வாங்க வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். "தியரி ஆஃப் மெஷின்ஸ்" பேப்பரில் ஹூக் ஜாயிண்ட் என்று இதையே மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஸ்பிரிங்கை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்று விதி சொன்னாரே, அதே ராபர்ட் ஹூக். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர். அவருக்கும் நூறு வருஷம் முன்னால் இத்தாலியில் கார்டானோ என்று ஒரு கணக்கு மேதை எழுதி வைத்ததால், ஐரோப்பாவில் பாதிப் பேர் இதைக் கார்டன் ஷாஃப்ட் என்கிறார்கள். காருக்குள் இதை ஒழுங்காகக் கொண்டுவந்தவர் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்கிற அமெரிக்கர், காப்புரிமை வாங்கியது 1903ல். அதுவரை நிறைய கார்கள் சைக்கிள் மாதிரி செயினில்தான் ஓடின. ஸ்பைசர் என்ற பெயர் இன்றும் லாரி ஸ்பேர் கடை அட்டைப்பெட்டியில் இருக்கிறது. கடைக்காரருக்கு அது ஒரு ஆளின் பெயர் என்று தெரியாது. எனக்கும் படிக்கும்போது தெரியாது.

சரி, கழற்றின கதைக்கு வருகிறேன்.

பின்பக்கம் பிளாஞ்சில் நான்கு போல்ட். அவிழ்ப்பதற்கு முன்னால் இரண்டு பிளாஞ்சின் மேலும் சேர்த்து ஒரு கோடு, நெயில் பாலிஷால். திரும்ப மாட்டும்போது அதே கோடு சேர வேண்டும். வருஷக்கணக்காக ஒன்றாகச் சுற்றிப் பழகிய ஜோடி, இடம் மாற்றினால் பேலன்ஸ் மாறலாம். போல்ட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே டபிள்யூ.டி.-40 அடித்துவிட்டேன், அதனால் தகராறு இல்லாமல் வந்தன. முன்பக்கத்தில் போல்ட் எதுவும் கிடையாது. பல் வெட்டிய ஒரு குழல் கியர்பாக்ஸின் வாலுக்குள் நுழைந்து நிற்கும். ஆக்சில் ஏறி இறங்கும்போது ராடின் நீளம் கூடிக் குறைய வேண்டுமே, அதற்காக அந்தக் குழல் உள்ளே வெளியே சறுக்கும். பின்பக்கம் அவிழ்ந்ததும் இழுத்தால் வந்துவிடும். ராடு மூன்றடிக்கும் குறைவுதான். கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குப் பேரு வெச்சுட்டியா?" என்றார்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ராடு இல்லாமல் வண்டியை ராத்திரி முழுக்க ஸ்டாண்டில் விட மனசில்லை, என் பையன் அங்கேதான் பந்து விளையாடுவான். இறக்கி வைத்துவிட்டு, முட்டுக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கியரைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். என் வண்டியில் ஹேண்ட்பிரேக் ஒரு பேச்சுக்குத்தான். எப்போதும் கியரில்தான் நிறுத்துவேன். கியர், எஞ்சினைக் கொண்டு சக்கரத்தைப் பிடித்து வைப்பது இந்த ராடு வழியாகத்தான். ராடு திண்ணையில் கிடக்கிறது. கியர் எதைப் பிடிக்கும்? ஐந்து நிமிஷத்தில் வாசலில் "ங்ங்ங்" என்று ஒரு முனகல். வண்டி தானாக, மிகவும் மரியாதையாக, சரிவில் இறங்கிப் போய் துவைக்கிற கல்லில் முட்டி நின்றது. பம்பரில் ஒரு சொட்டை. கல்லுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. பின்பக்கம் தூக்கியிருந்தவரை கியர் ஆயில் முன்பக்கமாகத் தேங்கி நின்றது. வண்டியைச் சமமாக இறக்கியதும் கியர்பாக்ஸ் வாலிலிருந்து சொட்டத் தொடங்கிவிட்டது. நல்லவேளை, எங்கள் வீட்டில் பாலித்தீன் கவருக்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோ மாவுக் கவரை வாலில் மாட்டி ரப்பர்பேண்டு போட்டேன். "இயற்கையான முறையில் அரைக்கப்பட்டது" என்று அச்சடித்த கவருக்குள் கால் டம்ளர் கியர் ஆயில் சேர்ந்திருந்தது மறுநாள் காலை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாவு டிவிஎஸ் எக்ஸெல்லில் போனது, ஓட்டியது வீட்டுக்காரர். பள்ளிபாளையத்துக்கு அதில் போக முடியாது என்று அந்தக் கடைக்கு மட்டும் லீவு சொல்லிவிட்டேன். திரும்பி வந்த எக்ஸெல்லில் ராடைக் கட்டிக்கொண்டு நான் லேத் பட்டறைக்குப் போனேன்.

வீட்டிலேயே தொப்பிகளைத் தட்டிப் பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தொப்பி வெளியே நழுவாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக் உண்டு, வளையக் கம்பி மாதிரி. அதை சர்க்கிளிப் பிளையரில் எடுத்துவிட்டால் தட்டினாலே வரும் என்று நினைத்தேன். முன் கிராஸில் வந்தது. பின் கிராஸ் துருவில் ஊறி கவையோடு ஒன்றாகிவிட்டது. சுத்தியலை ஓங்கி அடித்தால் கவையின் காது வளையும். காது வளைந்தால் ராடே போச்சு. அதனால்தான் பட்டறை.

பட்டறைக்கார அண்ணன் ரிக் வண்டிகளுக்கு வேலை செய்பவர். அவர் பார்க்கிற கிராஸெல்லாம் இரண்டு கையால் தூக்க வேண்டிய சைஸ். என் ராடை ஒரு கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது கொழந்தைங்க வெச்சு வெளையாடறதுங்களா?" என்றார். ஆனால் வேலையை விளையாட்டாகச் செய்யவில்லை. பெரிய வைஸ் ஒன்றின் இரண்டு தாடைக்கு நடுவில் ராடின் கவையை வைத்தார். ஒரு பக்கம் தொப்பியை விடச் சின்ன பாக்ஸ் ஸ்பேனர், மறுபக்கம் தொப்பி உள்ளே நுழைகிற அளவு பெரிய பாக்ஸ். வைஸை இறுக்க இறுக்க, சின்னது தள்ளுகிறது, எதிர்ப்பக்கத் தொப்பி பெரியதற்குள் இறங்குகிறது. ஒரு இடத்தில் "டணார்" என்று துரு விட்டுக் கொடுத்தது. சுத்தியலே எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் எனக்கு ஏதோ சொத்தைப் பல்லைப் பிடுங்கின மாதிரி ஒரு நிம்மதி.

வெளியே வந்த பழைய கிராஸை மண்ணெண்ணெயில் கழுவிக் காட்டினார். ஒரு முனையில் ஊசி அளவுக்கு வரிவரியாகப் பள்ளம், விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கிறது.

"இது ஏன் இப்படி ஆச்சு தெரியுங்களா?"

"கிரீஸ் இல்லாம."

"அது ஒண்ணு. இன்னொண்ணு, ஊசி சுத்தல. நின்ன எடத்துலயே நின்னு குத்தியிருக்குது."

இதை எந்தப் பேப்பரிலும் நான் எழுதவில்லை. யோசித்தால் சரிதான். கிராஸுக்குள் ஊசிகள் முழுசாகச் சுற்றுவதில்லை. ராடு எவ்வளவு வளைந்து நிற்கிறதோ அந்த அளவுக்குத்தான் முன்னும் பின்னும் அசைகின்றன. வளைவே இல்லாமல் ராடு நேர்கோட்டில் நின்றால் ஊசிகள் அசையவே அசையாது. ஒரே இடத்தில் நின்று, பாரம் முழுவதையும் ஒரே கோட்டில் இறக்கி, பள்ளம் போட்டுவிடும். வளைவு அதிகமானால் தேயும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. வளைவே இல்லாவிட்டாலும் தேயும் என்பதால் வண்டி கட்டுகிறவர்கள் வேண்டுமென்றே ஒரு பாகையாவது சாய்வு கொடுத்துத்தான் வைக்கிறார்கள்.

வளைவினால் வருகிற இன்னொரு வேடிக்கையையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். ஒரே ஒரு கிராஸ் இருந்தால், இந்தப் பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் சீராகச் சுற்றாது. வளைவு 10 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வேகம் 100 என்றால் அங்கே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை 101.5க்கு ஏறி, இரண்டு தடவை 98.5க்கு இறங்கும். 20 பாகை என்றால் 106க்கும் 94க்கும் நடுவில் ஊஞ்சலாடும். மறுமுனையில் இன்னொரு கிராஸ் அதே வளைவில் இருந்தால், முதலாவது கொடுத்த ஏற்றத்தை இரண்டாவது இறக்கிவிடும். கூட்டிக் கழித்தால் சக்கரத்துக்குச் சீரான சுற்று. ஆனால் ஒரு நிபந்தனை, குழாயின் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். என் வண்டியில் இரண்டும் ஒரே குழாயில் வெல்டிங் ஆனவை, அதனால் கவலையில்லை. லாரி ராடு நடுவில் பல் போட்டு இரண்டு துண்டாகச் சேரும். கழற்றி மாட்டும்போது அம்புக்குறியைப் பார்க்காமல் பல் மாற்றிச் சொருகிவிட்டால், ஒரு கிராஸ் இன்னொன்றைச் சரிசெய்யாமல் அதோடு சேர்ந்து ஆடும். "புது கிராஸ் போட்டும் நடுங்குதுன்னு வருவாங்க. கிராஸுல ஒண்ணும் இருக்காது. பல்லு மாத்திச் சொருகியிருப்பாங்க. எடுத்துத் திருப்பிச் சொருகிக் குடுத்தா சரியாயிரும். அதுக்குக் காசு கேட்டா சண்டைக்கு வருவாங்க" என்றார்.

என் தூக்கு மூடிகள் 50ல் ஏன் அடித்தன என்று அங்கேயே கணக்குப் போட்டேன். என்னுடையது நாலு கியர் வண்டி. நாலாவதில் எஞ்சினும் ராடும் ஒரே வேகம். 60 கிலோமீட்டரில் ராடு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று. 50ல் 2,500, அதாவது செகண்டுக்கு நாற்பது சொச்சம். தேய்ந்த கிராஸ் ராடை நடுமையத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நிறுத்தியிருந்தாலும், செகண்டுக்கு நாற்பது தடவை ஒரு குலுக்கல். அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போகிற ஏதோ ஒரு தகடும் என் மூடிகளும் கூடவே பாடியிருக்கின்றன.

புது கிராஸ் வாங்குகிறபோது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நான் வண்டிப் பெயரைச் சொல்லி ஒரு ஜோடி வாங்கி வந்து வைத்துப் பார்த்தால் தொப்பி உள்ளேயே போகவில்லை. திரும்பப் போய், தொப்பியின் விட்டத்தையும் இந்த முனையிலிருந்து அந்த முனை நீளத்தையும் வெர்னியரில் அளந்து வாங்கினேன். ஒன்று ஐந்நூறு ரூபாய்க்குள்தான். முன் கிராஸ் அவ்வளவு மோசமில்லை, ஆனால் கையில் அசைத்தால் ஒரு திசையில் முண்டி முண்டிப் போனது. ராடு வெளியே இருக்கும்போது அதை மட்டும் விட்டுவைப்பது கஞ்சத்தனம். இரண்டையும் மாற்றினேன்.

என் வண்டியில் இருந்த பழையவை கிரீஸ் நிப்பிள் இல்லாத சீல் வகை. புதியதில் நடுவில் நிப்பிள் உண்டு. நிப்பிளுக்காகத் துளை போட்டால் கிராஸின் பலம் கொஞ்சம் குறையும் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மழைக்கு முழங்கால் தண்ணீரில் மாவு கொண்டுபோகிற வண்டிக்கு, உள்ளே போன தண்ணீரைப் புது கிரீஸ் தள்ளி வெளியேற்றுகிற வழி இருப்பது நல்லது என்பது என் முடிவு. மாட்டும்போது நிப்பிள் குழாய்ப் பக்கம் பார்த்தபடி, கிரீஸ் கன் எட்டுகிற மாதிரி வர வேண்டும். மாட்டி முடித்த பிறகு "ஐயோ, கன் நுழையலையே" என்று அழக் கூடாது.

முதல் கிராஸை அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, பட்டறையிலேயே நான் மாட்டினேன். தொப்பியைப் பாதி தள்ளிவிட்டு, கிராஸின் முனையை உடனே அதற்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஊசிகள் சரியாமல் நிற்கும். எதிர்த் தொப்பியை வைத்து, இரண்டையும் மெல்ல வைஸில் நெருக்கி, லாக் போடுகிற பள்ளம் தெரிகிறவரை தள்ளி, லாக். கடைசியில் கவைக் காதில் மரச் சுத்தியலால் இரண்டு தட்டு, இறுக்கம் விட்டுவிடும். கையில் அசைத்தால் எல்லாத் திசையிலும் வெண்ணெய் மாதிரி போக வேண்டும். போனது. "போதுங்க, ரெண்டாவத நீங்களே ஊட்டுல போட்டுக்கலாம்" என்றார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

வீட்டில் சின்ன வைஸ் ஒன்று கிரைண்டர் ஷெட்டின் மேஜையில் இருக்கிறது. மூன்று தொப்பி ஒழுங்காகப் போனது. நாலாவதில் லாக் உட்காரவில்லை. பள்ளத்துக்கு ஒரு நூல் தூரம் பாக்கி. இன்னும் ஒரு இறுக்கு இறுக்கலாம் என்று கை போனது. அப்புறம் அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"இறுக்காதீங்க. உள்ள ஊசி படுத்திருச்சு. கழட்டுங்க."

கழற்றினேன். அவர் சொன்ன மாதிரியே ஒரு ஊசி நிற்காமல் தொப்பியின் அடியில் குறுக்கே படுத்துக் கிடந்தது. அதை நெம்பி எடுக்கப் போய், கிரீஸ் வழுக்கி, தொப்பி கவிழ்ந்து, ஊசிகள் தரையெல்லாம் சிதறின. தொப்பிக்கு 20 ஊசி. பொறுக்கி எண்ணினேன். 19.

19 ஊசி வைத்து மாட்டக் கூடாது. இருக்கிற இடைவெளியில் மற்றவை சாய்ந்து, கொஞ்ச நாளில் பழைய கதை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ராடு ஞாபகமே இல்லை. நான் நிற்பது கிரைண்டருக்கும் அரிசி ஊறுகிற அண்டாவுக்கும் நடுவில். இரண்டு நெல் நீளத்தில் ஒரு எஃகு ஊசி இந்த அறையில் எங்கேயோ இருக்கிறது. என் மாவைச் சாப்பிடுகிற வீடுகளில் கைக்குழந்தைகள் இருக்கின்றன. வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்ளாமல் இங்கே கொண்டுவந்த என் புத்தியைத் திட்டிக்கொண்டு, ஊறிய அரிசி முழுவதையும் தூக்கி மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். அன்றைக்கு அரைப்பு இல்லை என்று எல்லாக் கடைக்கும் மெசேஜ் போட்டேன். பையனின் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்து, நூலில் கட்டி, தரையை மூலை மூலையாகக் கோலம் போடுகிற மாதிரி இழுத்தேன். ஒரு சேஃப்டி பின், இரண்டு ஸ்டேப்ளர் பின், போன வருஷம் தொலைந்த கிரைண்டர் ஸ்குரூ. ஊசி இல்லை. கிரைண்டரைக் கழற்றி, கல்லை நிமிர்த்தி, அதற்குள்ளும் காந்தத்தை விட்டேன். இல்லை. ராத்திரி பதினொன்றரை.

அத்தை எழுந்து வந்து வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ போற எடத்துக்கெல்லாம் டிக் டிக்குனு ஒண்ணு கேக்குதே" என்றார்.

செருப்பைக் கழற்றித் திருப்பினேன். இடது கால் ரப்பர் வரிக்குள், கிரீஸில் ஒட்டிக்கொண்டு, பளபளவென்று. மாவு வாங்குகிறவர்கள் இதைப் படித்தால், கிடைத்துவிட்டது, 20க்கு 20.

இருபதையும் மண்ணெண்ணெயில் அலசி, துணியில் ஒற்றி, தொப்பிக்குள் புது கிரீஸை நன்றாக அப்பி ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முற்றத்தில், வெள்ளைப் பழைய பெட்ஷீட் மேல். இந்தத் தடவை லாக் "டிக்" என்று தானாக உட்கார்ந்தது. மறுநாள் ராடை ஏற்றி, நெயில் பாலிஷ் கோட்டைச் சேர்த்து, நான்கு போல்ட்டையும் இறுக்கி, நான்கு முனை சீலிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கிறவரை கன் அடித்து, சொட்டிய அளவுக்குக் கியர் ஆயில் ஊற்றினேன். ஹேண்ட்பிரேக் கேபிளையும் இழுத்துக் கட்டினேன், துவைக்கிற கல்லுக்கு மரியாதையாக.

அதற்கடுத்த நாள் காலை 5.45க்கு பள்ளிபாளையத்தில் வண்டியை நிறுத்தினேன். வழியில் 50லும் மூடிகள் வாயைத் திறக்கவில்லை. கடை வாசலில் ரிவர்ஸ் போட்டேன், கிளட்ச்சை விட்டேன், வண்டி சத்தமில்லாமல் பின்னால் வந்தது. ஷட்டர் திறக்கவில்லை. உள்ளே லைட் எரிகிறது, ரேடியோ பாடுகிறது. இரண்டு நிமிஷம் பார்த்தேன். ஹாரனை அமுக்கினேன். அது வேலை செய்யவில்லை. எத்தனை மாதமாகவோ தெரியவில்லை.

இறங்கிப் போய்க் கையால் தட்டினேன்.